நாலு இடமும் இல்லை என்ற பிறகு: மருத்துவபீடங்களிடம் காரணம் கேட்ட கதை

லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைத்தால் அந்தக் கதை கோயிலிலும் கலியாண வீட்டிலும் தானாகக் காதில் விழும். கிடைக்காத பிள்ளைகள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. என் மகளுக்கு 2025 சேர்க்கையில் நாலு மருத்துவபீடங்களும் இல்லை என்றுவிட்டன. அவற்றிடம் ஃபீட்பேக் கேட்டு வாங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் அதே இடத்தில் நிற்கிற பெற்றோருக்கு உதவும்.

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கிற யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் இருந்தாலும் மருத்துவத்துக்கு நாலுதான் போடலாம். மகளை இரண்டு இடங்கள் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. மற்ற இரண்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்றன. ஃபீட்பேக் கேட்கும்போது இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முதல் வகையில் பிள்ளையை யாரும் பார்த்ததே இல்லை. அங்கே முடிவு செய்தது மதிப்பெண் மட்டும்தான்.

செய்தி கேட்டதும் என் மச்சான் போனில் வந்தார். "அத்தான், நீங்கள் ஒருக்கா அடிச்சுக் கேளுங்கோ, சும்மா விட்டால் ஒண்டும் நடக்காது." அடித்தும் பயனில்லை. பிள்ளைக்கு 18 வயது. விண்ணப்பத்தில் தன் சார்பில் பேச ஒருவரை அவளே பெயர் குறித்திருந்தால் ஒழிய, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அட்மிஷன் அலுவலகம் தகப்பனோடு எதையும் பேசாது. அதனால் கடிதங்களை மகளே எழுதினாள். யூகாஸில் பதிந்த அதே மின்னஞ்சலில் இருந்து, யூகாஸ் தனிப்பட்ட எண்ணையும் போட்டு அனுப்பினாள். பள்ளிக்கூட மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேணும். ஏ லெவல் முடிந்த கையோடு பள்ளிக்கூடம் அந்தக் கணக்கை மூடிவிடலாம்.

எப்போது கேட்கலாம் என்பதும் இடத்துக்கு இடம் வேறு. சில இடங்கள் முடிவு வந்து சில வாரங்களுக்குள் கேட்கச் சொல்கின்றன, சில இடங்கள் அந்த வருடச் சேர்க்கை முழுக்க முடிந்த பிறகுதான் தருகின்றன. நேர்முகத்துக்கு வராதவர்களுக்கு ஃபீட்பேக்கே இல்லை என்று இணையத்தளத்தில் எழுதி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. எங்களுக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. விண்ணப்பங்கள் அதிகம், தனித்தனியாகப் பதில் தர இயலாது என்று இரண்டு வரி வந்தது.

"என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் இந்த இரண்டு வரிதான் வரும் என்பது என் எண்ணம். மகள் அப்படிக் கேட்கவில்லை. எந்தக் கட்டத்தில் விண்ணப்பம் நின்றது, என் மொத்தப் புள்ளி எவ்வளவு, 16 வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ பரீட்சைக்கு எத்தனை, மருத்துவத்துக்கான யூகேட் நுழைவுப் பரீட்சைக்கு எத்தனை, என்னைப் போன்ற உள்நாட்டு விண்ணப்பதாரர்களில் அழைக்கப்பட்டவரின் மிகக் குறைந்த புள்ளி எது? இவ்வளவும்தான் கேட்டாள். எண் கேட்டதற்கு எண்ணாகவே பதில் வந்தது.

நேர்முகத்துக்குக் கூப்பிடாத மற்ற இடத்தின் பதிலில் விஷயம் வெளிச்சமானது. 2024இல் எழுதிய யூகேட்டில் அவள் எடுத்தது 3600க்கு 2610. அந்த வருடத்துச் சராசரி 2523 என்பதால் நல்ல புள்ளி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அந்த இடம் யூகேட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி மேலிருந்து எடுக்கிற இடம். வெட்டுப்புள்ளி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஜிசிஎஸ்இயில் அவள் வாங்கிக் குவித்த ஒன்பதுகளை (அதில் மிக உயர்ந்த தரம் ஒன்பது) அங்கே யாரும் எண்ணவில்லை. பிள்ளை தன்னைப் பற்றி எழுதுகிற பெர்சனல் ஸ்டேட்மென்டுக்கும் புள்ளி இல்லை. அந்த 4000 எழுத்துகளைத் திருத்திக் கொடுக்க ஆலோசகர்கள் எங்கள் ஆட்களிடம் என்ன காசு வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஃபீட்பேக் தரமாட்டோம் என்ற இடத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைத் தரும்படி பிள்ளையே சட்டப்படி கேட்பது. அதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேணும். மகள் அதைச் செய்தாள், அவளுடைய புள்ளிகள் வந்தன. மற்றது தகவல் அறியும் சுதந்திரச் சட்டம். முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளி போன்ற பொதுக் கணக்கை அதன்கீழ் யாரும் கேட்கலாம், 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேணும். தகப்பன் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். 'வாட் டூ தே நோ' என்ற தளத்தில் மற்றவர்கள் ஏற்கனவே கேட்டு வாங்கிய பதில்கள் கிடக்கின்றன, முதலில் அங்கே தேடுங்கள்.

நேர்முகம் முடிந்து இல்லை என்ற இரண்டில் ஒன்று, மொத்தத்தில் எந்தக் கால்பகுதியில் நின்றாள் என்பதை மட்டும் சொன்னது. மற்ற இடம் ஒரு அட்டவணையே அனுப்பியது. இப்போது பல இடங்களில் நேர்முகம் என்பது எம்எம்ஐ. சில நிமிடங்களுக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் வேறு ஆள் புள்ளி போடுவார். அட்டவணையின் ஒரு பத்தியில் அவளுடைய புள்ளி, பக்கத்தில் எல்லாருடைய சராசரி. தரவு வாசிப்பு, நெறிமுறை இரண்டிலும் சராசரிக்கு மேல். நடிகர் ஒருவரோடு பேச வேண்டிய நிலையத்தில் மட்டும் விழுந்திருந்தாள். என்ன கேட்டார்கள் என்பதை அவள் எங்களுக்கும் சொல்லவில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போக வேணுமாம்.

ஆனால் ஏன் விழுந்தாள் என்று வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது. யாராவது கவலை சொன்னால் அடுத்த நொடியே தீர்வு சொல்லிவிடுகிற குடும்பம் நாங்கள். தலையிடி என்றால் "பனடோல் போடு", பரீட்சை பிழைத்தது என்றால் "அடுத்தமுறை பார்ப்பம்". அவளும் அங்கே அதைத்தான் செய்திருக்கிறாள். இதற்குப் பிறகு அவள் பெரியம்மாவோடு பேசிப் பழகினாள். பெரியம்மா முழங்கால் நோவைச் சொல்லி முடிக்கும்வரை இடையில் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. லேசான காரியம் இல்லை.

வந்த எண்களை அடுத்த வருடத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேணும். 2025 முதல் யூகேட்டில் வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கிற அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங் பகுதியை எடுத்துவிட்டார்கள். மொத்தம் 3600 என்றிருந்தது 2700 ஆகிவிட்டது. எழுதியவர்களைப் புள்ளி வரிசையில் பத்துச் சம பங்காகப் பிரிப்பதுதான் தசமம்; பழைய வெட்டுப்புள்ளி எந்தத் தசமத்தில் விழுந்தது என்று பார்த்து, புதிய புள்ளியின் தசமத்தோடு ஒப்பிட்டோம். ஒரு வருடத்துப் புள்ளி அடுத்த வருடம் செல்லாது என்பதால் பரீட்சையைத் திரும்ப எழுதத்தான் வேண்டியிருந்தது. ஸ்டேட்மென்டும் இப்போது மூன்று கேள்விகளாகிவிட்டது.

ஏ லெவல் முடிவு நன்றாக வந்ததால் அவள் ஒரு வருடம் பொறுத்து, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தபடி, ஒக்டோபர் 15க்கு முன் மறுபடி விண்ணப்பித்தாள். யூகேட் வரிசையை மட்டும் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு, ஜிசிஎஸ்இக்கும் புள்ளி கொடுக்கிற இடங்களைத் தெரிவுசெய்தாள். ஃபீட்பேக் தர மறுத்த இடம் பட்டியலில் இருக்கிறது. எனக்கு விருப்பமில்லை, ஆனால் கணக்குப்படி அங்கே அவளுக்கு இடம் உண்டு. இதை எழுதும் நேரம் இரண்டு நேர்முகங்கள் முடிந்திருக்கின்றன, முடிவு எதுவும் வரவில்லை. நாலு இடத்திலும் ஃபீட்பேக் கேட்பதற்கான விதிகளை மட்டும் இப்போதே வாசித்துக் குறித்து வைத்திருக்கிறாள்.