லோட்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள்

ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து நாங்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கே இல்லை. விசா, முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு என்று எல்லாமே எங்களைச் சோதிப்பதற்காகக் கேட்டவை. நாயைத் தத்தெடுக்கப் போனபோது கேட்ட கேள்விகள் அந்த நாயின் நலனுக்காக. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெர்லினின் கிழக்கு ஓரத்தில், ஃபால்கன்பெர்க்கில் இருக்கிறது அந்த விலங்குக் காப்பகம். ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. நாய் தினமும் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? வீடு எத்தனையாவது மாடி? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசிக் கேள்விதான் எங்களை யோசிக்க வைத்தது. போனால் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வருகிறவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பாட்டி பொறுப்பேற்ற பிறகுதான் மேற்கொண்டு பேசினோம். நம்மவர்கள் யாராவது நாய் வளர்க்க நினைத்தால், முதலில் இதற்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் இன்னொன்று. அச்சிட்ட ஒப்பந்தத்தில் ‘நாய், பூனை கூடவே கூடாது’ என்று ஒட்டுமொத்தமாகத் தடை போட்டிருந்தால் அது செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக எந்த நாயையும் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. அப்புறம் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ வரி, நாய் பிறருக்கு ஏதாவது சேதம் செய்தால் ஈடுகட்ட குறைந்தது 10 லட்சம் யூரோவுக்குப் பொறுப்புக் காப்பீடு, தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட சிப். பெர்லினில் இவை கட்டாயம்.

லோட்டே டெரியரும் வேறென்னவோவும் கலந்த சின்ன நாய். இடது காது மடங்கியே இருக்கும். முன்பு எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வந்த புதிதில் மேசைக்கடியிலேயே கிடந்தாள். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் பயத்தின் அறிகுறியாக இருக்கலாம், அப்போது நெருங்காதீர்கள் என்று காப்பகத்துப் பெண் சொல்லி அனுப்பியிருந்தார். அதை வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடித்தது என் மகள்தான். மேசைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பாடம் வாசிப்பாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு சாயங்காலம் லோட்டே வயிறு தரையில் உரச வெளியே வந்து, அவள் காலுறையை முகர்ந்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். “அப்பா, அசையாதீங்க” என்று மகள் கிசுகிசுத்தாள். நான் கையில் தேநீரோடு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் லோட்டே மறுபடி வந்தாள். இந்த முறை ஓடவில்லை.

இப்போது நடைக்குக் கிளம்பினால் வாசலில் அவள்தான் முதல் ஆள். எங்களுக்கு இருக்கும் ஒரே கவலை டிசம்பர் 31 இரவு. புத்தாண்டுப் பட்டாசு பெர்லினை அதிர வைக்கும்; மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் உண்டு. தொலைந்த செல்லப்பிராணிகளைக் கண்டுபிடிக்க உதவும் ‘டாஸ்ஸோ’ பதிவேட்டில் அவளுடைய சிப் எண்ணைச் சேர்த்துவிட்டோம், அது இலவசம்தான். அன்றைக்கு நகரத்தை விட்டுத் தள்ளி, சத்தம் குறைவான ஒரு கிராமத்தில் தங்க அறை தேடிக்கொண்டிருக்கிறோம்.