குழியில் விழும் சத்தம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் அத்தை வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. கிளாக்கோமாவில் அத்தைக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏழு மாதமாக ஆபீஸில் நாங்கள் ஃபோனுக்காகச் செய்துகொண்டிருக்கும் பல்லாங்குழி விளையாட்டை அவளிடம் காட்டலாம் என்று போனேன். 'காட்டலாம்' என்று எழுதும்போதே உறைக்கிறது.

அத்தையின் ஃபோனில் எப்போதும் டாக்பேக் ஓடும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரை வாசிப்பான். வாட்ஸாப்பில் விரலைத் தள்ளித் தள்ளிச் செய்தி கேட்பாள், இரண்டு முறை தட்டிப் பதில் அனுப்புவாள். எங்கள் விளையாட்டைத் திறந்ததும் ஃபோன் அதன் பெயரைச் சொன்னது. அப்புறம் ஒன்றுமில்லை.

"என்னடி இது, வாயே திறக்க மாட்டேங்குது?"

திறக்காது. விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் செய்த விளையாட்டு முழுவதும் டாக்பேக்குக்கு ஒரே ஒரு படம்தான். உள்ளே 14 குழி இருக்கிறது, இது பட்டன், இது காய் என்று நாங்கள் தனியாக எடுத்துச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். நாங்கள் சொல்லவில்லை.

அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து மரப்பலகையை இழுத்தாள். இடது கை குழிகளைத் தடவிக்கொண்டே போகும், வலது கை புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டே வரும். இரண்டு ஆட்டமும் நான் தோற்றேன். இரண்டாவதில் ஒரு குழியில் வேண்டுமென்றே இரண்டு காய் போட்டுப் பார்த்தேன். "அங்க ரெண்டு விழுந்துச்சு, எடு" என்றாள், தலையைக்கூடத் திருப்பாமல்.

மரத்தில் இந்த ஆட்டத்துக்குக் கண்ணே தேவைப்படவில்லை. கண்ணாடித் திரைக்கு மாற்றிய நாங்கள்தான் அதைக் கண்ணுக்கு மட்டும் உரியதாக்கி வைத்திருக்கிறோம்.

ஜூன் 11, புதன்

மீட்டிங்கில் சொன்னேன். "பார்வை இல்லாதவங்க எத்தனை பேர் டவுன்லோடு பண்ணுவாங்க?" என்று கேட்டார் எங்கள் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. மாதம் ஒன்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவர் கேட்கிற கேள்விதான். 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'வில் இந்த மாதிரி வசதிகள் மட்டும் 60க்கு மேல், பார்வையே இல்லாதவர்கள் அதை முழுதாக விளையாடி முடித்திருக்கிறார்கள் என்றேன். "அவங்ககிட்ட பணம் இருக்கு." அதுவும் நிஜம்தான்.

அப்போதுதான் எங்கள் டெஸ்டர் பையன் மெதுவாக வாயைத் திறந்தான். யார் முறை என்று காட்டும் சிவப்பு, பச்சைக் கோடு இரண்டும் தனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறதாம். ஏழு மாதமாக ஊகித்தே சமாளித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய இரண்டு வாரம் கிடைத்தது.

ஜூன் 14, சனி

யூனிட்டியில் 2023.2இலிருந்து ஃபோனின் திரை வாசிப்பானோடு பேச வழி இருக்கிறது. நாங்கள் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. மாற்றி முடிக்க ஒன்றரை நாள்.

"உங்கள் பக்கம், மூன்றாம் குழி, ஐந்து காய்கள் உள்ளன" என்று பேசவைத்து அத்தைக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது. "நீட்டி முழக்காதடி. எத்தனைன்னு முதல்ல சொல்லச் சொல்லு." யோசித்தால் அவள் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு குழியிலும் முழு வாக்கியத்தையும் கேட்டால் பொழுது விடிந்துவிடும். 'ஐந்து. மூன்றாம் குழி' என்று மாற்றினேன். எண் காதில் விழுந்ததும் அடுத்ததற்குத் தள்ளிவிடலாம்.

ஜூன் 17, செவ்வாய்

காய் போடும்போதுதான் சிக்கல். பதினொரு காய் விழுந்தால் பதினொரு அறிவிப்பு. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, ஒன்றும் புரியாத கூச்சல். பேச்சையே எடுத்துவிட்டேன். காய் விழும் சத்தம் மட்டும் போதும், கடைசியில் நிலவரத்தை ஒரு தடவை சொன்னால் சரி.

ராத்திரி எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஹார்ன் அடங்கும்வரை காத்திருந்து, தலையோடு போர்வையை மூடிக்கொண்டு, ஒரு மரக் கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டுப் போட்டுப் பதிவு செய்தேன். வெறும் மரத்தில் விழுந்தால் 'டொக்'. ஏற்கெனவே கிடக்கிற காய்மேல் விழுந்தால் 'சிளுக்'. குழி காலியா இல்லையா என்று அந்த ஒரு சத்தமே சொல்லிவிடுகிறது. அத்தைக்கு இது எப்போதோ தெரியும்.

இடப்பக்கக் குழி இடது காதில், வலப்பக்கம் வலது காதில். ஒரு காது மட்டும் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? குழிக்குக் குழி சுருதியையும் கொஞ்சம் ஏற்றிவைத்தேன். காது கேட்காதவர்களுக்குக் காய்க்கு ஒரு அதிர்வு.

ஜூன் 22, ஞாயிறு

அத்தை மூன்று முறை தோற்றாள். மூன்றும் ஆட்டத்தில் இல்லை, கடிகாரத்தில். ஒரு முறைக்கு 15 விநாடி என்று வைத்திருக்கிறோம். அவள் ஏழு குழியையும் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

நேரத்தை நிறுத்திவைக்கலாம், 'சுலப முறை' என்று பெயர் போடுங்கள் என்று முதலாளி மெசேஜ் அனுப்பினார். படித்துக் காட்டினேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "எனக்கு எதுக்குடி சுலபம்? உன்னை ரெண்டு ஆட்டம் ஜெயிச்சவ நான். நேரம்தானே கேட்டேன்?"

'நேரக் கட்டுப்பாடு: உண்டு / இல்லை.' அவ்வளவுதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, முதல் திரையிலேயே கேட்டுவிடும். கோடுகளுக்கும் நிறத்தோடு கோலப்புள்ளி, அலை என்று வடிவம் வந்துவிட்டது. டெஸ்டர் பையன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த வாரம் தப்பே பிடிக்காமல் நாலு மணிநேரம் விளையாடியிருக்கிறான்.

ஜூன் 29, ஞாயிறு

அத்தை கம்ப்யூட்டரை ஜெயித்தாள். இரண்டு 'பசு', அதாவது நாலு காய் சேர்ந்த குழி, அடுத்தடுத்து எடுத்தபோது கட்டிலைத் தட்டிச் சிரித்தாள். காபி ஆறிப்போனது.

அப்புறம் புகார். கையில் இருந்த காய் தீர்ந்து, அடுத்த குழி காலியாக இருந்தால், அதை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு அதற்கடுத்ததை அள்ளுவோம் இல்லையா? "அந்தத் தடவுற சத்தம் எங்கடி? எனக்குக் காய் கிடைச்சுதுன்னு அது வந்தாத்தானே தெரியும்?"

கிண்ணத்தில் அந்தச் சத்தம் வராது. அத்தையின் பலகை நாற்பது வருஷம் விரல் பட்டுத் தேய்ந்தது, அதுதான் வேண்டும். பழைய புடவை ஒன்றில் சுற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.