பச்சூகா: வெள்ளிச் சுரங்க ஊர்ல பொறந்த ஃபுட்பால் கிளப்

மெக்சிகோ போறவங்க தியோத்திவாக்கான் பிரமிடு, கான்கூன் பீச்னு பிளான் போடுவாங்க, நான் முதல்ல பஸ் ஏறினது பச்சூகாவுக்கு. மெக்சிகோ சிட்டில இருந்து வடக்கால சுமார் 90 கிலோமீட்டர், இடால்கோ மாநிலத்தோட தலைநகர். அங்க போக ஒரே காரணம் ஃபுட்பால்தான். இன்னிக்கும் மெக்சிகோ டாப் லீக்ல ஆடிட்டு இருக்கற கிளப்கள்லயே ரொம்ப பழசு இந்த ஊரோட கிளப், அதை ஆரம்பிச்சது இங்கிலாந்துல கார்ன்வால் பக்கத்துல இருந்து வெள்ளிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஆளுங்க. ஸ்கூல் படிக்கறப்போ 2006ல பச்சூகா சிலி நாட்டுக்கே போய் கோலோ கோலோ டீமை ஜெயிச்சு, தென் அமெரிக்கக் கிளப் போட்டியான சுதாமெரிக்கானா கப் தூக்கினதை பேப்பர்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தியா படிச்சேன், அப்ப இருந்தே இந்த ஊர் பேரு மண்டைக்குள்ள உக்காந்துருச்சு.

டெர்மினல் டெல் நோர்தே பஸ் ஸ்டாண்டுல ஏறினா ஒன்றரை மணி நேரத்துல பச்சூகா. கடல் மட்டத்துல இருந்து 2,400 மீட்டர் உயரம், எப்பவும் காத்து வீசிக்கிட்டே இருக்கும், ஊருக்கே காத்தடிக்கிற அழகின்னுதான் செல்லப்பேரு. ஆனா கதை ஆரம்பிக்கறது இங்க இல்ல, இன்னும் மேல மலையில இருக்கற ரியால் டெல் மோந்தேல. பச்சூகால இருந்து வேன் ஓடுது, வளைஞ்சு வளைஞ்சு ஏறும், கொஞ்ச நேரத்துல 2,700 மீட்டர் கிட்ட போயிடறோம். இறங்கினதும் மூச்சு வாங்குது, குளிருது. சிவப்புத் தகரக் கூரை போட்ட வீடுங்க, செங்குத்தான சந்து, எங்க பார்த்தாலும் பேஸ்தே கடை. பேஸ்தேங்கறது கார்ன்வால் சுரங்கக்காரங்க மதிய சாப்பாடு, நம்ம சோமாசி மாதிரி மடிச்சு ஓரத்தை முறுக்கி விட்டிருப்பாங்க, உள்ள கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், இங்க வந்ததுக்கப்புறம் பச்சைமிளகாயும் சேர்ந்துக்கிச்சு. அந்த முறுக்கின ஓரம் நல்ல தடிமனா இருக்கும். சுரங்கத்துக்குள்ள கை கழுவ வழி கிடையாது, அழுக்குக் கையால அந்த ஓரத்தை பிடிச்சு சாப்பிட்டுட்டு கடைசில ஓரத்தை தூக்கிப் போட்டுருவாங்களாம். கடைக்கார அம்மா என் பிளேட்டை பார்த்துட்டு "ஓரத்தையும் சாப்பிடுங்க தம்பி, இப்பதான் கை சுத்தமா இருக்கே"ன்னாங்க.

கார்ன்வால் ஆளுங்க இங்க வந்த கதையை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம கிளப் கதை புரியாது. 1810ல ஆரம்பிச்ச மெக்சிகோ சுதந்திரப் போர் 1821ல முடிஞ்சப்போ இந்த மலைச் சுரங்கமெல்லாம் தண்ணி நிறைஞ்சு கிடந்துச்சு. தண்ணிய இறைச்சாத்தான் வெள்ளி, இறைக்கணும்னா நீராவி பம்ப் வேணும், அந்த பம்ப் வேலைல கார்ன்வால்காரங்கதான் அப்ப உலகத்துலயே கெட்டி, அவங்க ஊர் தகர, செம்புச் சுரங்கத்துல அதே வேலைய பார்த்தவங்க. 1824ல லண்டன்ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1825ல ஆளுங்களும் சுமார் 1,500 டன் மெஷினும் கப்பல்ல கிளம்பிச்சு. வெராக்ரூஸ் துறைமுகத்துக் கோட்டை அப்ப இன்னும் ஸ்பெயின்காரன் கையில, அதனால கொஞ்சம் தெக்கால மொகாம்போ கடற்கரைல வெறும் மணல்ல இறக்க வேண்டியதாப்போச்சு. மஞ்சக் காய்ச்சல் பிடிச்சு நிறைய பேரு அங்கயே செத்துப் போனாங்க, மிச்சம் இருந்தவங்க, கூட வேலைக்கு வந்த மெக்சிகோ கூலிக்காரங்க எல்லாரும் சேர்ந்து அந்த இரும்பையெல்லாம் கோவேறு கழுதையும் வண்டியும் கட்டி கடற்கரைல இருந்து இந்த மலை வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து சேர்ந்தது 1826 மே மாசம்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். நிறைய இடத்துல "1825ல வந்த சுரங்கக்காரங்க கூடவே ஃபுட்பாலும் வந்துச்சு"ன்னு எழுதறாங்க, அது தப்பு. ஃபுட்பாலுக்கு லண்டன்ல ரூல் எழுதினதே 1863ல. மெஷினை இழுத்துட்டு வந்த கம்பெனி 1849லயே நஷ்டத்துல போய் சுரங்கம் மெக்சிகோ முதலாளிங்க கைக்கு மாறிடுச்சு. ஆனா தொழில் தெரிஞ்ச கார்ன்வால் ஆளுங்க திரும்பிப் போகல, கார்ன்வால்ல செம்பு விலை விழுந்ததுக்கப்புறம் இன்னும் நிறைய பேரு வந்தாங்க. 1890கள்ல பந்தை உதைச்சது அப்படி பின்னாடி வந்தவங்களும், முதல்ல வந்தவங்களோட பேரன்மாரும்தான். இந்த சுமார் 70 வருஷ இடைவெளி எனக்கு ரொம்ப முக்கியமா படுது, அந்த இடைவெளிலதான் இவங்க வந்துட்டுப் போற ஆளுங்கங்கற நிலைமை மாறி ஊர்க்காரங்களா ஆனாங்க, கல்யாணம் கட்டி, சர்ச் கட்டி, ஸ்பானிஷ் பேசி. ஊர்ல வேர் விட்ட ஜனங்களாலதான் ஒரு கிளப்பை வருஷக்கணக்கா நடத்த முடியும்.

அவங்க எவ்வளவு ஆழமா வேர் விட்டாங்கன்னு பார்க்கணும்னா ஊருக்கு மேல குன்றுல இருக்கற இங்கிலீஷ் கல்லறைக்குப் போகணும். 700க்கு மேல கல்லறைங்க, உயரமான மரங்களுக்கு நடுவுல, கிட்டத்தட்ட எல்லாமே இங்கிலாந்து இருக்கற திசையைப் பார்த்து. கல்லுல பாசி பிடிச்சு எழுத்து பாதி மறைஞ்சிருக்கு, விரலால தடவித்தான் படிக்க முடியுது. பேருக்குக் கீழ சொந்த ஊர் பேரு, கேம்போர்ன், ரெட்ரூத்னு. சில கல்லுல வயசைப் பார்த்தா 20, 25. பக்கத்துலயே சின்னச் சின்னதா குழந்தைங்க கல்லறை, இரும்புக் கம்பி வேலி போட்டது. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

எனக்கு இது வெறும் வேடிக்கை பார்க்கற இடமா இல்லாததுக்கு காரணம் இருக்கு. எங்கம்மாவோட அப்பா கோலார் தங்கவயல்ல மாரிக்குப்பம் பக்கம் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. ரியால் டெல் மோந்தே கம்பெனிய லண்டன்ல இருந்து நிர்வாகம் பண்ணினவரு ஜான் டெய்லர், அவர் குடும்பத்தோட ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்தான் 1880ல கோலாருக்கு வந்து தங்கம் எடுத்தது, அங்கயும் மேஸ்திரிமாருக்கு மேல கார்ன்வால்காரங்கதான், கீழ இறங்கி வெட்டினது வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து போன நம்ம ஜனங்க. அதே கம்பெனிக் குடும்பம், அதே கார்ன்வால், ரெண்டு கண்டம். மினா அகோஸ்தாங்கற பழைய சுரங்கத்தை இப்ப மியூசியமா வச்சிருக்காங்க, ஹெல்மெட் மாட்டி உள்ள கூட்டிட்டுப் போறாங்க, ஈரப்பாறை வாசனை மூக்குல ஏறினப்போ தாத்தா ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கிச்சு.

சரி, பந்துக்கு வருவோம். மினா தோலோரெஸ்னு இன்னொரு சுரங்கம், செங்கல் புகைபோக்கி இன்னும் நிக்குது. அந்த முற்றத்துலதான் 1900ல மெக்சிகோவோட முதல் ஃபுட்பால் மேட்ச் நடந்துச்சுன்னு ஊர்க்காரங்க பெருமையா காட்டறாங்க. பார்த்தா சும்மா கல்லும் மண்ணுமா ஒரு சமதரை, அவ்வளவுதான். மலையில வேற எங்கயும் சமதரையே கிடையாது, அதனால ஷிப்ட் முடிஞ்ச ஆளுங்க விளையாடறதுன்னா சுரங்க முற்றத்துலதான் விளையாடணும்னு அங்க நின்னப்பதான் எனக்கு உறைச்சுது.

கீழ பச்சூகால அதுக்கு முன்னாடியே கிரிக்கெட் கிளப்புங்க இருந்துச்சு, ஃபுட்பாலும் 1890கள்ல இருந்து நடந்துட்டு இருந்துச்சு, அதனால அந்த 'முதல் மேட்ச்' கதையை ஊர்ப் பெருமையாத்தான் எடுத்துக்கணும். 1901ல ஊர்ல இருந்த கிரிக்கெட், ஃபுட்பால் கோஷ்டிங்கல்லாம் ஒண்ணா சேர்ந்து பச்சூகா அத்லெடிக் கிளப் ஆச்சு. அடுத்த வருஷமே, 1902ல மெக்சிகோவோட முதல் லீக். மொத்தம் 5 டீம்: பச்சூகா, ஒரிசாபா, ரெஃபோர்மா, மெக்சிகோ கிரிக்கெட் கிளப், பிரிட்டிஷ் கிளப். பேரைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் வெள்ளைக்காரங்க நடத்தினது. ஆனா இதுல மூணு டீம் தலைநகர்ல இருந்த பிசினஸ்காரங்க, ஆபீஸ்காரங்க கிளப், பச்சூகாவும் ஒரிசாபாவும் மட்டும்தான் தொழிலாளி ஊருங்க. ஒரிசாபால சணல் மில்லுல வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரங்க ஆடினாங்க, முதல் கப்பையும் அவங்கதான் அடிச்சாங்க. அதனால மெக்சிகோ ஃபுட்பாலோட தொட்டில் எங்க ஊர்தான்னு ஒரிசாபாவும் சொல்லுது, பச்சூகாவும் சொல்லுது. என்னைக் கேட்டா, ஒரிசாபா டீம் ரெண்டு மூணு வருஷத்துலயே லீக்கை விட்டு போயிடுச்சு, பச்சூகா பேரு இன்னிக்கும் ஆட்டத்துல இருக்கு, நான் பச்சூகா பக்கம்.

1904-05ல பச்சூகாவுக்கு முதல் லீக் பட்டம். 1907-08ல மெக்சிகோல இருந்த பிரிட்டிஷ் தூதர் ரெஜினால்ட் டவர் பேருல கோபா டவர்னு ஒரு கப் போட்டி ஆரம்பிச்சாங்க, அதோட முதல் சாம்பியனும் பச்சூகாதான்.

இதுக்கப்புறம் வர்ற பத்து வருஷம்தான் எனக்கு இந்தக் கதையிலயே உயிரான பகுதி, ஆனா அதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல. 1906ல சுரங்கம் அமெரிக்கக் கம்பெனிக்கு கைமாறுச்சு, 1910ல புரட்சி வெடிச்சுது, 1914ல ஐரோப்பால உலகப்போர், இங்கிலீஷ்கார பிளேயருங்க நிறைய பேரு ஊரை விட்டு கிளம்பிட்டாங்க. ரெஃபோர்மா, பிரிட்டிஷ் கிளப் மாதிரி தலைநகர் இங்கிலீஷ் டீமெல்லாம் ஆளில்லாம ஒண்ணொண்ணா காலியாச்சு. பச்சூகாவும் அதோட முடிஞ்சிருக்கணும். முடியல, ஏன்னா அதுக்குள்ள ஊர்ப் பசங்க டீமுக்குள்ள வந்துட்டாங்க, சுரங்கத்துல கூட வேலை பார்த்த மெக்சிகோ பசங்க. 1915 வாக்குல டீம்ல பெரும்பாலும் அவங்கதான். அந்த சமயம் லீக்கை ஆட்டிப்படைச்சது ஸ்பானிஷ்காரங்களோட எஸ்பான்யா கிளப், 1913-14ல இருந்து தொடர்ந்து 4 சீசன் சாம்பியன். 1917-18ல அவங்களை நிறுத்தினது யாரு? புரட்சில பாதி நொந்துபோன ஒரு மலையூர்ல இருந்து வந்த பச்சூகா. அடுத்த வருஷம் எஸ்பான்யா திரும்ப ஜெயிச்சாங்க, 1919-20ல மறுபடியும் பச்சூகா. அந்த டீம்ல ஆல்ஃபிரட் குரோல்னு கார்ன்வால்ல பொறந்த ஒரு ஆள், ஆடவும் ஆடினாரு, சொல்லியும் கொடுத்தாரு. பின்னாடி நெகாக்ஸா கிளப்போட கோச் ஆனாரு, 1935ல மெக்சிகோ தேசிய டீமுக்கே கோச்சா இருந்து மத்திய அமெரிக்க, கரீபியன் விளையாட்டுல தங்கம் வாங்கிக் கொடுத்தாரு. பச்சூகால கத்துக்கிட்டது மெக்சிகோ முழுக்க எப்படிப் பரவுச்சுங்கறதுக்கு எனக்கு இவரை விட நல்ல ஆதாரம் தேவையில்ல.

ஆனா 1920களோட ஆரம்பத்துல கிளப் கலைஞ்சு போச்சு. நல்லா ஆடறவன் எல்லாம் தலைநகருக்குப் போயிட்டான், அங்கதான் டீம், அங்கதான் வேலை. கிட்டத்தட்ட 30 வருஷம் பச்சூகாங்கற பேருல பெரிய கிளப்பே கிடையாது. 1950ல மெக்சிகோல ரெண்டாவது டிவிஷன் ஆரம்பிச்சப்போ அதுல முதல் வருஷமே ஆடின 7 டீம்ல ஒண்ணா பச்சூகா திரும்ப வந்துச்சு, 1967ல முதல் டிவிஷன், 1973ல திரும்பக் கீழ, 90கள்ல மேலயும் கீழயுமா அல்லாடி, கடைசில 1998ல ஏறினது நிலைச்சுருச்சு. 1999 குளிர்கால சீசன் ஃபைனல்ல குரூஸ் அசூல் டீமை அவங்க மைதானத்துலயே எக்ஸ்ட்ரா டைம்ல கிளாரியா அடிச்ச தங்க கோல்ல (எக்ஸ்ட்ரா டைம்ல முதல் கோல் விழுந்ததும் மேட்ச் முடிஞ்சுரும்ங்கற ரூல்) ஜெயிச்சாங்க, ஹாவியர் அகிர்ரே கோச். 1919-20க்கு அப்புறம் அதுதான் அடுத்த லீக் பட்டம், கிட்டத்தட்ட 80 வருஷம். குரூஸ் அசூலும் இதே இடால்கோ மாநிலத்துல சிமெண்ட் ஆலைத் தொழிலாளிங்களால ஆரம்பிச்ச கிளப்தான், அந்த ஃபைனலை நெனைச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

ஊர் நடுவுல மணிக்கூண்டு ஒண்ணு, 40 மீட்டர் உயரம், 1910 செப்டம்பர்ல சுதந்திர நூற்றாண்டுக்கு திறந்தது. அதுக்கு உதவின பிரான்சிஸ் ரூல் கார்ன்வால்ல இருந்து வந்து வெள்ளி ராஜான்னு பேரு வாங்கின பணக்காரரு, அவர் வீடுதான் இப்ப நகராட்சி ஆபீஸ். எஸ்தாதியோ இடால்கோ ஸ்டேடியம் 1993ல கட்டினது, 25,000 பேருக்கு மேல உக்காரலாம், அதுலயே ராத்திரி மேட்ச் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட ஜெர்சில மொத்த ஊரும், பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர் பேஸ்தே பொட்டலத்தைப் பிரிச்சு எனக்கும் ஒண்ணு நீட்டினாரு. ஊர்ல மெக்சிகோ ஃபுட்பாலுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கட்டிடமும் இருக்கு, பெரிய பந்து வடிவத்துல, ஆனா எனக்கு அதை விட மினா தோலோரெஸ் மண்தரைதான் பிடிச்சுது.

போறதா இருந்தா முதல்ல ரியால் டெல் மோந்தே போங்க, அப்புறம் ஸ்டேடியம், இந்த வரிசையில பார்த்தாத்தான் கிளப் புரியும். கல்லறைக்கு மதியத்துக்குள்ள ஏறிடுங்க, சாயங்காலம் மூடுபனி இறங்கிட்டா எழுத்தே தெரியாது. ஸ்வெட்டர் கட்டாயம். மேட்ச் தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க, மேட்ச் இல்லாத நாள்ல போனா பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீங்க.