அம்மாவிடம் சொல்லாதது

பெப்ரவரி 6, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. டொக்டர் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். பெருங்குடலில் புற்றுநோய், ஒப்பரேஷன் செய்ய வேண்டும். அம்மா உள்ளே கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திரும்பி வந்த அண்ணன், "குடல்ல சின்னப் புண்ணாம்" என்றான்.

பெப்ரவரி 7

நித்திரை இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

பெரியம்மா, அண்ணன், அண்ணி எல்லாருக்கும் ஒரே முடிவு. சொல்லக் கூடாது. "அவக்கு நெஞ்சு தாங்காது மகள்."

அப்பா போன பிறகு படுவான்கரை வயலைத் தனியாகப் பார்த்தவர் அம்மா. மில்காரரோடு நெல் விலைக்கு நின்று வாதாடி, கடனை அடைத்து, எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். அவருக்குத் தாங்காது என்று யார் அளந்து பார்த்தது? பாசத்தில்தான் மறைக்கிறார்கள், தெரியும். அண்ணன் பின்வளவில் நின்று அழுததை நானும் பார்த்தேன். ஆனால் அண்ணனின் பயத்துக்கு அம்மாவின் உடம்பை ஈடு வைக்க முடியாது.

பெப்ரவரி 11, செவ்வாய்

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை; கிளினிக் இல்லை. அதனால் இன்றைக்கே சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். முழுக்கச் சிங்களம். அம்மா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுல என்ன எழுதிக் கிடக்கு?" அதற்குள் அண்ணன் கையெழுத்து வைத்துவிட்டான். நர்ஸ் மிஸ் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் 16ஆவது திருத்தம், வடக்கு கிழக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி என்றது. இது கிழக்கில் இருக்கிற மட்டக்களப்பு. தினமும் பேப்பர் வாசிக்கிற மனுசிக்கு, தன் வயிற்றை வெட்டுகிற தாளை வாசிக்க வழி இல்லை. மயங்கிக் கிடக்கவும் இல்லை, சின்னப் பிள்ளையும் இல்லை. அந்தக் கையெழுத்து அவருடையதாக இருந்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 13

உலக மருத்துவச் சங்கம் 1981 இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளர் உரிமைப் பிரகடனத்தை வாசித்தேன். தன் நோயைப் பற்றி அறிய நோயாளிக்கு உரிமை உண்டு. 'எனக்குச் சொல்ல வேண்டாம்' என்று கேட்கிற உரிமையும் அவருக்கே. தனக்குப் பதிலாக யாரிடம் சொல்லலாம் என்று தெரிவு செய்வதும் அவரே. அறியாமல் இருப்பதென்றால்கூட அம்மாதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

விதிவிலக்கும் இருக்கிறது. சொன்னால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் மறைக்கலாம். அண்ணன் இதைப் பிடித்துக்கொள்வான். அழுவார் என்பது ஆபத்து இல்லை. அழட்டும்.

இது பிரகடனம்தான், நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, ஒருவரின் மருத்துவப் பதிவை அவர் எழுத்தில் சம்மதித்தால் தவிர இன்னொருவருக்கு மறுக்கலாம் என்கிறது. அம்மாவின் ரிப்போர்ட் இப்போது பெரியம்மாவின் மருமகனின் போனில்கூட இருக்கிறது.

பெப்ரவரி 14

"ஏன் மகள், நான் வந்தா எல்லாரும் கதையை நிப்பாட்டுறீங்க?"

பெப்ரவரி 16

பெரியம்மா கோபத்தில் சாப்பிடாமல் போய்விட்டார். போகட்டும்.

பெப்ரவரி 17, திங்கள்

முதலில் கேட்டேன். "ரிப்போர்ட்ல என்ன இருக்குதெண்டு உங்களுக்குத் தெரியவேணுமா, இல்லாட்டி அண்ணனோட மட்டும் டொக்டர் கதைக்கட்டுமா?" அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ர வயிறுதானே. சொல்லு."

சொன்னேன். அழுதார், நானும் அழுதேன். அப்புறம் முகம் கழுவி வந்து, கொப்பியை எடுக்கச் சொன்னார். டொக்டரிடம் கேட்க அவர் சொல்லச் சொல்ல எழுதினது:

ஒப்பரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

மலம் போக வயிற்றில் பை வைப்பார்களா? வைத்தால் கடைசி வரைக்குமா?

வயல் வெட்டு முடியும் வரைக்கும் பிந்தலாமா?

அந்தப் படிவத்தைத் தமிழில் தருவார்களா? தான் வாசித்துத்தான் கையெழுத்து வைப்பாராம்.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. டோக்கன் எடுக்க விடிய ஐந்து மணிக்கே போக வேண்டும்.