பேட்சி மிங்க்கின் பெட்டிகளைத் திறந்து பார்த்த அனுபவம்

கடையில் மீதிச் சில்லறையாக வந்த கால் டாலர் நாணயம் ஒன்றில் ஆரம்பித்தது இது. 2024ல் வெளியான நாணயம். ஹவாய் மாலை அணிந்த ஒரு பெண், கையில் ஒரு சட்டப் பிரதி, பின்னால் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம். "இவங்க யாரும்மா?" என்று மகள் கேட்டாள். பேட்சி டாகேமோட்டோ மிங்க் என்று பெயர் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. என் மகள் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சொல்லும் 1972ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுக்கு இப்போது இந்த அம்மாவின் பெயர்தான் என்பதை அன்று இரவு தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சரி, இவரைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன். இணையத்தில் கிடைத்ததை வைத்து ஒரு வாரத்தில் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை. 1965 முதல் 1977 வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர், 1990 முதல் 2002 வரை மறுபடியும் காங்கிரஸ் உறுப்பினர். நடுவில் இருந்த பதின்மூன்று வருடங்களைப் பல கட்டுரைகள் இரண்டு வரியில் தாண்டிப் போயிருந்தன.

அந்த இடைவெளி என்னை ஏன் அவ்வளவு தொட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஒன்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். திருமணத்துக்குப் பிறகு சார்பு விசாவில் இங்கே வந்து, ஏழு வருடம் வேலைக்குப் போக முடியவில்லை. இப்போது மேரிலாண்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளர். ஊரில் யாராவது "இப்ப என்ன பண்றீங்க டீச்சர்?" என்று கேட்டால் ஒரு நொடி தயங்கித்தான் பதில் சொல்வேன்.

மிங்க்கின் காகிதங்கள் எல்லாம் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. வாஷிங்டன் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போகும் தூரம்தான். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டும்தான் அனுமதி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பதினாறு வயது நிரம்பிய யாரும் வாசகர் அட்டை வாங்கலாம், கட்டணம் கிடையாது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொண்டு நேரில் போனால் புகைப்படம் எடுத்து அங்கேயே அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த நாட்டுக் குடியுரிமை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

முதல் முறை போனபோது ஒரு தவறு செய்தேன். கேப்பிட்டல் சவுத் நிலையத்தில் இறங்கி, மேடிசன் கட்டடத்தில் அட்டை வாங்கி, நேராகக் கையெழுத்துப் பிரதிகள் வாசிப்பறைக்குப் போய், "பேட்சி மிங்க் காகிதங்கள் வேண்டும்" என்றேன். எந்தப் பெட்டி என்று கேட்டார்கள். எனக்கு விழித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆயிரக்கணக்கில் பெட்டிகள் இருக்கின்றன. எனக்குத் தேவையானவை வேறு இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. முன்கூட்டியே எண் சொல்லிக் கேட்டால்தான் வரவழைப்பார்கள். மேசையில் இருந்த நூலகர் பொறுமையாக உட்கார்ந்து, இணையத்தில் இருக்கும் பெட்டிப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடத்தோடு வீடு திரும்பினேன்.

அடுத்த பத்து நாள் இரவுகளில் அந்தப் பட்டியலையே படித்தேன். ஒருவருடைய வாழ்க்கையைப் பெட்டித் தலைப்புகளாகப் படிப்பது விசித்திரமான அனுபவம். தேர்தல், தேர்தல், மறுபடியும் தேர்தல் என்று போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நோட்டில் அவருடைய பொதுவாழ்வை ஆண்டு வாரியாக எழுதினேன்.

1927ல் மாவி தீவில் பிறந்தவர். மூன்றாம் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர். டாக்டராக ஆசைப்பட்டு விலங்கியலும் வேதியியலும் படித்தார் (வேதியியல் என்றதும் எனக்குத் தனியாக ஒரு பாசம் வந்துவிட்டது). விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1951ல் பட்டம் வாங்கினார். அங்கே அவரை வெளிநாட்டு மாணவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது. ஹவாய் அப்போதே அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. ஊர் திரும்பினால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கும் பெண் வக்கீலுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. சொந்தமாக அலுவலகம் திறந்தார்.

1956ல் ஹவாய் ஆட்சிப்பகுதியின் கீழவை, 1958ல் மேலவை. 1959ல் ஹவாய் மாநிலமானதும் காங்கிரஸ் தேர்தலுக்கு நின்று, கட்சியின் உள்தேர்தலில் டேனியல் இனோயேயிடம் தோற்றார். 1962ல் மாநில செனட், அதாவது மாநிலத்தின் மேலவை. 1964ல் ஜெயித்து, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான வெள்ளையரல்லாத முதல் பெண் ஆனார்.

இரண்டாம் முறை போனபோது ஆறு பெட்டிகளைக் கேட்டு வைத்திருந்தேன். வாசிப்பறை விதிகள் கடுமையானவை, ஆனால் நியாயமானவை. பையும் கோட்டும் வெளியே லாக்கரில். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலும் ஒரே ஒரு கோப்பு மேசையில் இருக்கலாம். தாள்களின் வரிசை மாறக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படம் எடுக்கலாம். நான் முதல் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துப் படம் எடுக்க ஆரம்பித்தேன். படம் எடுப்பதற்கு முன் பெட்டி எண்ணையும் கோப்பின் பெயரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய வேறு வழியே கிடையாது.

முதலில் 1975 காகிதங்களைப் பார்த்தேன். அந்த வருடக் கதை எனக்கு மனப்பாடம். 1972 சட்டத்தின் விதிகளைப் பலவீனமாக்கும் திருத்தம் அவையில் வாக்கெடுப்புக்கு வந்த சமயத்தில், நியூயார்க் மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் கார் விபத்தில் சிக்கிய செய்தி வருகிறது. அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறார். 211க்கு 212, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவர் தரப்பு தோற்கிறது. அவர் ஏன் இல்லை என்று தெரிந்ததும் மறுவாக்கெடுப்பு நடந்து 215க்கு 178 என்று ஜெயிக்கிறது. மகள் பிழைத்துக்கொண்டார். அந்தக் கோப்பை மூடியபோது என் மகளின் ஆட்டத்துக்குப் போகாமல் விட்ட சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

மற்ற ஐந்து பெட்டிகளும் நான் தேடிப்போன வருடங்களுக்கு உரியவை. 1976ல் காங்கிரஸ் இடத்தை விட்டுவிட்டு அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டு, உள்தேர்தலில் ஸ்பார்க் மட்சுனாகாவிடம் தோற்றார். ஜனாதிபதி கார்ட்டர் ஆட்சியில் கடல், சுற்றுச்சூழல், அறிவியல் விவகாரங்களுக்கான உதவி வெளியுறவுச் செயலர் பதவி, அதுவும் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான். அதன் பிறகு 1983ல் ஹொனலூலு நகர மன்றத்தில் போய் உட்கார்ந்தார். வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியவர், அலாஸ்கா அணுகுண்டுச் சோதனை ஆவணங்களைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர், 1972ல் ஓரிகன் மாநில உள்தேர்தலில் ஜனாதிபதி வேட்பாளராகவே நின்றவர், ஐம்பத்தைந்து வயதில் நகர மன்ற உறுப்பினர். முதல் இரண்டு வருடம் அந்த மன்றத்தின் தலைவர்.

நான் எதிர்பார்த்துப் போனது ஒரு சோகக் கதை. மத்தியானம் வரை அந்தத் தாள்களைப் புரட்டியும் அது கிடைக்கவில்லை. நில வகைமாற்றம், வரவுசெலவு, பேருந்து, மக்கள் எழுதிய புகார்க் கடிதங்கள். உட்கார்ந்து செய்த வேலைதான் பக்கம் பக்கமாக இருந்தது. காங்கிரஸில் கல்வி மசோதாக்கள் எழுதியவர் கையிலிருந்து அதே தடிமனில் நகராட்சிக் காகிதங்கள். மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார் என்ற கணக்கு அந்தப் பெட்டிகளுக்குள் எங்கேயும் இல்லை. அது என் மனதில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

1986ல் ஆளுநர் தேர்தலுக்கும் 1988ல் மேயர் தேர்தலுக்கும் முயன்றார். இரண்டிலும் உள்தேர்தலிலேயே தோல்வி. 1990ல் செனட்டர் மட்சுனாகா இறந்து, அந்த இடத்துக்கு டேனியல் அகாகா நியமிக்கப்பட, அகாகாவின் பிரதிநிதிகள் அவை இடம் காலியானது. அதில் ஜெயித்து மறுபடியும் வாஷிங்டன் வந்தார் மிங்க். தன்னை 1976ல் தோற்கடித்தவரின் இடம் காலியானதால் திறந்த வழி அது. 2002 செப்டம்பர் 28ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். நவம்பர் தேர்தலில் அவர் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுக்க நேரமில்லை. இறந்துவிட்டார் என்று தெரிந்தும் மக்கள் அவருக்கே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள்.

மொத்தம் நான்கு முறை போய்வந்தேன். கட்டுரை ஐந்து பக்கம் வந்தது. மலர்க் குழுவினர் மூன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். காங்கிரஸ் வருடங்களில் நிறைய வெட்டினேன், நகர மன்றப் பக்கத்தில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. கட்டுரைக்குக் கீழே எழுதியவர் குறிப்பு கேட்டார்கள். "முன்னாள் கல்லூரி விரிவுரையாளர்" என்று எழுதித் தரலாமே என்றார் என் கணவர். "தொடக்கப் பள்ளி வகுப்பறை உதவியாளர், மேரிலாண்ட்" என்று எழுதிக் கொடுத்தேன்.