கீழ்த்தளத்துப் பொது ஃபிரிட்ஜ்

எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ள உணவுப்பொருள் வைத்திருக்கும் பொது ஃபிரிட்ஜைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் கோணல் கத்தரிக்காயும் தோல் கறுத்த வாழைப்பழமும் விலைபோகாமல் குப்பைக்குப் போகும், அதைத் தொண்டூழியர்கள் கேட்டு வாங்கி வந்து அடுக்குகிறார்கள், அவ்வளவுதான். 2023இல் மட்டும் சிங்கப்பூரில் சுமார் 755,000 டன் உணவுக் கழிவு!

அப்புறம், கொடுத்தால் வம்பாகுமோ என்று யோசிக்கும் கடைக்கார அண்ணன்களே, உணவு நன்கொடையாளரைப் பாதுகாக்கும் சட்டம் 2024 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சுத்தம், பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக் கொடுத்திருந்தால் பழி உங்கள் மேல் விழாது.

ஆனால் மிச்ச சாம்பாரை மூடியில்லாத டப்பாவில் வைத்துவிட்டுப் போன புண்ணியவான் யாரப்பா? சமைத்தது வேண்டாம் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறதே! கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கொத்து போடுங்கள், அதுதான் வைத்த கையோடு காலியாகிறது.