அந்தியூர்ச் சந்தையில் கேட்ட கதைகள்

பவானியைத் தாண்டியதும் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மினி லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்தடுப்புக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. உள்நோக்கி வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருந்த காதுகள். "மார்வாரிக் குதிரை" என்றார் மாமா. அதன் பிறகு அந்தியூர் வரும் வரை நான் ஜன்னலுக்கு வெளியே வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை அது. பர்கூர் மலை மாடுகள் செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு பக்கம் நிற்கும். காங்கேயம் காளைகள் இன்னொரு பக்கம். ஆனால் கூட்டம் குதிரைகளைச் சுற்றித்தான். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நுக்ரா, இடுப்பளவு உயரமுள்ள மட்டக் குதிரைகள். மேளத்துக்கு ஆடும் குதிரைகளைச் சுற்றிக் குழந்தைகள். ஆடிக் காற்று புழுதியைக் கிளப்ப, கொள்ளும் சாணமும் வியர்வையும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. சிறு வயதிலிருந்து எனக்குக் குதிரைமேல் பித்து. தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொட்டகை போட்டுவிட்டு, சவாரிக்கு ஒரு பெண் குதிரை வாங்கத்தான் மாமாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் இளவயதில் ஜட்கா என்ற குதிரைவண்டி ஓட்டியவர்.

முதல் நாள் மத்தியானமே என் மனம் ஒரு வெள்ளைக் குதிரையிடம் போய்விட்டது. விற்க வந்தவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல வேட்டி சட்டை. குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே பேசினார். "ஏழு வயதுதான் தம்பி. என் மகள் வளர்த்த குதிரை. எட்டு வயதில் முதன்முதலாக இதன் முதுகில்தான் ஏறினாள். இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஏறுவதற்கு ஆள் இல்லாமல் கட்டுத்தறியிலேயே நிற்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. அந்த நிமிடத்தில் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரல் பிடித்து விலை பேசச் சொல்லியிருந்தால், கேட்ட விலைக்கே தலையாட்டியிருப்பேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. குதிரையின் இடப்பக்கமாக வந்து நின்று, தாடையைத் தடவிக்கொடுத்து, மேல் உதட்டை மெதுவாகத் தூக்கினார். என்னை அருகில் வந்து பார்க்கச் சொன்னார். மேல்வரிசையில் வெட்டுப்பற்களின் கடைசியில் இருக்கும் ஓரப்பல். அதன் நடுவில், ஈறிலிருந்து கீழ்நோக்கி ஒரு பள்ளக்கோடு, தேநீர்க் கறைபோலப் பழுப்பாக, பல்லின் பாதி வரை இறங்கியிருந்தது. அந்தக் கோடு ஏறத்தாழப் பத்து வயதில்தான் ஈறின் ஓரத்தில் தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வரும், இருபதில் அடி வரை இறங்கிவிடும். ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம். ஆனால் ஏழு வயதுக் குதிரையின் வாயில் அந்தக் கோடு இருக்காது.

"நல்ல குதிரைங்க, நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா நடந்தார். எனக்குக் கோபம் வந்தது. மகள் கதையெல்லாம் பொய்யா என்று கேட்டேன். மாமா நின்றார். "கதை பொய் என்று யார் சொன்னது? அதை வைத்தே கணக்குப் போட்டுப் பார். எட்டு வயதில் ஏறிய பெண் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். நடுவில் பத்து வருடம். சின்னக் குழந்தையை ஏற்றுவதென்றால் அப்போதே குதிரைக்கு நாலைந்து வயதாவது இருந்திருக்கும்."

பதினாலு, பதினைந்து. பல்லில் இருந்த கணக்கும் அதுவே.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மகள் உண்மை, கல்லூரி உண்மை, அந்தக் கண்ணீரும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். வயது ஒன்று மட்டும் பொய். நான் கதையின் உருக்கத்தைக் கேட்டேன், மாமா அதிலிருந்த வருடங்களைக் கேட்டார். பதினைந்து வயதுக் குதிரையும் பக்குவமாக வைத்திருந்தால் நன்றாகவே உழைக்கும். பதினைந்து என்று சொல்லி அதற்குத் தக்க விலை சொல்லியிருந்தால் அவரிடமே வாங்கியிருப்பேன். அதுதான் எனக்கு வருத்தம்.

குதிரை வியாபாரத்தில் ஏமாற்று இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பாண்டியனின் பொன்னைக் கொண்டு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காக, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து இரவோடு இரவாக மறுபடி நரிகளான கதை நமக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருப்பது அதைவிடக் கசப்பானது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பலில் ஏராளமான குதிரைகள் வந்தனவாம். சரியான பராமரிப்பு இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போயினவாம். குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்களை வணிகர்கள் இங்கே வரவே விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்!

மறுநாள் விடியும் முன்பே மாமா எழுப்பிவிட்டார். முந்தைய நாள் மாலை ஒரு செவலைக் குதிரையைப் பார்த்திருந்தோம். காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்தும் தலையைத் தொங்கவிட்டு, கீழ் உதடு தளர்ந்து, கண் பாதி மூடி நின்றது. "குழந்தை மாதிரி சாது" என்றார் அதன் சொந்தக்காரர். காலையில் நாங்கள் சொல்லாமல் போய் நின்றபோது அதே குதிரை முளைக்கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னங்கால்களால் உதைத்துக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்துப் பிறகு சந்தையில் நிறுத்துவதும் உண்டு. எப்படியானாலும் முந்தைய நாள் மாலையில் நாங்கள் பார்த்தது அந்தக் குதிரையின் குணம் இல்லை. விற்பவர் எதிர்பார்க்காத நேரத்தில் போய்ப் பாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதனால்தான். கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கும் முன்பே பார்க்க வேண்டும். கழுத்தடியில் வியர்வை காய்ந்த உப்புத் தடம் இருந்தால், யாரோ உங்களுக்கு முன்பே அதை ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது குதிரையைக் கடைசி வரிசையில், ஒரு வேப்பமரத்தடியில் பார்த்தோம். கரும்பழுப்பு நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். விலையைக் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னது: "ஒன்பது வயது. பின்னங்கால் இடது பக்கம் முள்கம்பி கிழித்த தழும்பு இருக்கிறது, ரோமத்தை விலக்கிப் பாருங்கள். வண்டியில் ஏற அடம் பிடிக்கும். அடிக்காதீர்கள், அடித்தால் படுத்துவிடும். கொள்ளு வாளியை முதலில் உள்ளே கொண்டுபோய் வையுங்கள். வாளிச் சத்தம் கேட்டால் தானாக ஏறும்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மாமா என் தோளை அழுத்தினார். "சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர் நல்லவராகவே இருக்கட்டும், பார்க்க வேண்டியதைப் பார்ப்போம்."

பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஓரப்பல்லில் கோடு இன்னும் இறங்கவில்லை. கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் இருக்கும் குழிகள் தேய்ந்துபோயிருந்தன. எட்டைத் தாண்டியது, பத்தைத் தொடாதது. பழைய நாட்களில் கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து, குழிக்குள் கறுப்பேற்றி இளமை காட்டுவார்களாம். அதனால் நகத்தால் சுரண்டியும் பார்த்தார். நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவினார். எங்கேயாவது சூடு தெரிந்தால் உள்ளே வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம். குளம்புகளைத் தூக்கி முகர்ந்தார். அழுகல் இருந்தால் நாற்றமே சொல்லிவிடும். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினார், நிமிடத்துக்கு 36. நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம்.

பிறகு தார்ச்சாலைக்குக் கொண்டுபோய்ப் பெருநடையில் ஓடவிட்டோம். மணலில் ஓடினால் நொண்டல் மறைந்துவிடும் என்றார் மாமா. என் கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். டக், டக், டக், டக். ஒரே அளவு, ஒரே கனம். அப்புறம் கண்ணைத் திறந்து தலையைப் பார்க்கச் சொன்னார். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். இந்தக் குதிரையின் தலை ஒரே சீராக வந்தது. வலி மாத்திரை கொடுத்திருந்தால் இதையும் மறைக்கலாம் என்பதால், மாலையில் இன்னொரு முறை ஓடவிட்டோம். பெரியவர் முகம் சுளிக்கவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுங்கள் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குத் தைரியம் தந்தது அந்தச் சம்மதம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவின் கையும் கண்ணும் போதாது. கிளாண்டர்ஸ் என்ற நோய். மூக்கில் சளி, தோலில் கட்டிகள் என்று வெளியே தெரியும் முன்பே உள்ளே இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. பெரியவரிடம் பரிசோதனைச் சான்று இருந்தது. அதிலிருந்த நிறம், நெற்றிப் பொட்டு, கால் தழும்பு எல்லாவற்றையும் குதிரையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். ஒரு குதிரையின் சான்றை இன்னொன்றுக்குக் காட்டுவது சிரமமான காரியம் இல்லை. இரக்கப்பட்டோ கூச்சப்பட்டோ இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெரியவர் துண்டை எடுத்து மாமாவின் கைமேல் போட்டார். உள்ளே விரல்கள் பேசின. இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. துண்டு விலகியபோது விலை முடிந்திருந்தது.

இரவு எட்டு மணிக்கு வண்டி வந்தது. பலகையைச் சாய்த்துவைத்து, கயிற்றைப் பிடித்து அழைத்தேன். முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. டிரைவர் குச்சியைத் தேடினார். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, கொள்ளு வாளியோடு உள்ளே ஏறி, தரையில் வைத்து ஒருமுறை குலுக்கினேன்.

இருட்டில் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. பலகையில் முதல் குளம்புச் சத்தம் கேட்டது.